ஓனருக்கு ஒரு போன்

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பின்பக்கக் கேட். கத்திரி வெயில் முடிந்தும் முடியாத நாட்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. லாரிகள் வரிசையில் நிற்கும் யார்டில் என் வண்டி எங்கோ நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக் கிடந்தவன், ரப்பர் சூடு தாங்காமல் தலையைத் தூக்கினேன்.

கேட் செக்யூரிட்டி கலைவாணி என் வண்டியின் கதவோரம் நின்று எதையோ படித்துக்கொண்டிருந்தார். படித்துப் படித்துத் தன் செல்போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பிறகு விறுவிறுவென்று தன் கூண்டுக்குத் திரும்பிப் போய், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தார்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது.

அதை எடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால், நான் ஏன் அந்த அம்மாவிடம் அப்படிப் பேசினேன் என்பது உங்களுக்குப் புரியாது.

கதவில் எழுதியது

இருபது வருஷத்துக்குக் கிட்ட அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, கடன் போட்டுச் சொந்தமாக ஒரு பதினேழு அடி கண்டெய்னர் வண்டி எடுத்த கதையைப் போன வாரம் இதே பத்திரிகையில் சொல்லியிருந்தேன். குன்றத்தூர் மலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்ட கையோடு, பெயின்டர் ஒருவரிடம் வண்டியை விட்டோம். பிள்ளைகள் பெயரைச் சேர்த்து 'கவின் யாழினி டிரான்ஸ்போர்ட்' என்று இரண்டு கதவிலும் எழுதினார். மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல்.

கீழே போன் நம்பர். என் மச்சான், "ஓனருன்னா தனி நம்பர் வேணும் மாமா, டிரைவர் நம்பரையே போட்டா எவன் மதிப்பான்?" என்று சொல்லிப் புதிதாக ஒரு சிம் வாங்கிக் கொடுத்தான். அதையும் என் போனிலேயே போட்டுக்கொண்டேன். மதிப்பு ஒன்றும் வரவில்லை. கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண் குரல்கள்தான் அந்த நம்பருக்கு வந்துகொண்டிருந்தன.

வேலை என்னவென்றால், இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவுக்கு உள்பக்கம் மாட்டுகிற பிளாஸ்டிக் பலகை செய்யும் ஒரு கம்பெனி. அங்கே ஏற்றி ஒரகடத்தில் இறக்க வேண்டும். காலிப் பெட்டிகளை ஏற்றித் திரும்ப வேண்டும். கார் கம்பெனிக்காரர்கள் சரக்கைச் சேர்த்து வைப்பதில்லை. நான் கொண்டுபோகும் கதவுப் பலகை அன்றைக்கே ஏதோ ஒரு காரில் ஏறிவிடும். வண்டி தாமதமானால் அங்கே கார் பூட்டும் லைன் நின்றுவிடும். 'லைன் நிக்கப்போவுது' என்ற வார்த்தையைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் சூப்பர்வைசரிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் வயிறு கலங்கும்.

ஆனால் லைன் நிற்காமல் காப்பாற்ற ஓடிவந்த வண்டி யார்டில் மணிக்கணக்கில் நிற்கலாம். அதற்கு யாருக்கும் வயிறு கலங்காது. சேப்டி ஷூவைக் கழற்றக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டுச் சாவியைக் கேட்டில் ஒப்படைத்துவிட வேண்டும். சாவி இல்லாமல் கேபினில் மின்விசிறியும் ஓடாது. ஒரு நாளில் நான் ஓட்டியது பாதி என்றால், இப்படி நின்றது பாதி. நின்ற பாதிக்கு வாடகை கிடையாது.

புங்கமரத்தடியில்

யார்டில் ஒரே ஒரு புங்கமரம். டிரைவர்கள் எல்லோரும் அதன் கீழேதான். கேன் டீ வரும். டீ கையில் வந்ததும் ஆரம்பித்துவிடும், ஓனர்களைத் திட்டும் படலம்.

இதை யாரும் குறையாக நினைக்க வேண்டாம். நாள் முழுக்க வெயிலில் காய்பவனுக்கு ஓனரைத் திட்டுவது ஒரு சின்ன மோர் குடித்த மாதிரி. நானும் இருபது வருஷம் திட்டியிருக்கிறேன். பூந்தமல்லியில் என்னுடைய பழைய மொதலாளி ஒருத்தர் இருந்தார். லீவு கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "யோசிச்சு சொல்றேன்பா" என்பார். அவரிடம் லீவு வாங்குவதற்காகவே என் பெரியப்பாவை நான் மூன்று தடவை சாகடித்திருக்கிறேன். மூன்றாவது தடவை, "இந்தத் தடவையாவது நல்லபடியா எடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பினார். அவர் லீவு கொடுக்காமல் இருந்ததில்லை என்பது இப்போது யோசித்தால்தான் தெரிகிறது.

சொந்த வண்டியோடு யார்டுக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். திருவள்ளூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், அவரே ஓனர், அவரே டிரைவர். அவர் மரத்தடிக்கு வந்தால் பேச்சு சட்டென்று டயர், டீசல் என்று மாறிவிடும். டீக்காசும் அவர் தலையில்தான் விழும். பாவம், அவர் கொஞ்ச நாளில் கேபினிலேயே உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அந்த மரத்தடி வேண்டியிருந்தது. அதனால் நான் ஓனர் என்று மூச்சு விடவில்லை.

"உன் ஓனரு எப்டிபா?" என்று ஒருநாள் கேட்டார்கள்.

"அத ஏன் கேக்கற" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எல்லோரும் ஆவலாகப் பார்த்தார்கள். சொல்ல ஆரம்பித்தேன். லீவே தர மாட்டான். காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டு என்பான். ஞாயிற்றுக்கிழமையும் விட மாட்டான். மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஆள் மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் விசேஷம்.

"இப்டியும் ஒருத்தன் இருப்பானா" என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் யார்டிலேயே மோசமான ஓனர் என்று என் ஓனர் பெயர் வாங்கிவிட்டார்.

சனிக்கிழமைக்குள் பதில்

அந்த வாரம்தான் பலகைக் கம்பெனியின் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் கணேசன் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தான். விருதுநகர்ப் பக்கத்துப் பையன். நான் ஓனர் என்று தெரிந்தவர்களில் ஒருவன்.

"அண்ணே, ரெண்டாவது ஷிப்டு லோடையும் நீங்களே பாத்துக்கிருங்க. வெளி ஆளுக்குப் போக வேண்டாம்னு பாக்கேன். சனிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க. நீங்க முடியாதுன்னா பெரிய டிரான்ஸ்போர்ட்டுக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவன் உள்ள வந்துட்டா உங்க சாயங்கால லோடையும் சேத்துக் கேப்பான். பெறகு என்னயக் குத்தம் சொல்லக் கூடாது."

சரி என்றால் வண்டி டியூ கட்டியது போக வீட்டுக்கும் நாலு காசு நிற்கும். முடியாது என்றால் இருப்பதும் குறையும். இன்னொரு டிரைவரைப் போடலாம்தான். அவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு டீசலும் போட்டால் எனக்கு மிஞ்சுவது கேன் டீதான்.

என் மனைவி தேவகியும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்பவள். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். அவளிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எங்க கம்பெனில ஒரு ஷிப்டு முடிஞ்சா லைன்ல வேற ஆளு வந்து நிக்கும். உனக்கு யாரு வந்து நிக்கறா?"

"ஒரு வருசம் ஓட்டிட்டா போதும்டி."

"போன வருசமும் இதையேதான் சொன்ன."

அவள் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. மோர்ப் பாத்திரத்தை மட்டும் நகர்த்திவைத்தாள்.

அந்தச் சமயத்தில் என் உடம்பு எப்படி இருந்தது என்றால், முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். வலது காலை வண்டியிலிருந்து கையால் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. சாப்பாடு எதுவும் நாக்கில் ஏறவில்லை. ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் பின்னால் ஹாரன் அடித்து எழுப்பிவிட்டது ஒரு தடவை. இன்னொரு தடவை, வல்லக்கோட்டை தாண்டி யார்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, வந்த வழியில் ஒரு வேகத்தடைகூட எனக்கு ஞாபகம் இல்லை. அதை தேவகியிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை கணேசனிடம் சரி என்று சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

அப்படி இருந்த ஒரு மத்தியானத்தில்தான் கலைவாணி கதவைப் படித்தார்.

"தெரிஞ்சிகினேதான் பண்றீங்க"

நான் சீட்டுக்குக் கீழே வழுக்கி இறங்கி, துண்டை வாயில் வைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"அலோ, கவின் யாழினி டிரான்ஸ்போர்ட்டா? ஓனரு பேசறீங்களா?"

தவறான நம்பர் என்று சொல்லியிருக்கலாம். என்னவோ, "ஓனர்தான்" என்று வந்துவிட்டது.

"சார், ஒரகடத்துலர்ந்து கேட் செக்யூரிட்டி பேசறேன். கம்பெனி சொல்லிப் பேசல, நானாத்தான் பேசறேன். உங்க டிரைவரு யார்டுல ஸ்டேரிங்கு மேல வுழுந்து கெடக்கறாரு."

"எதுனா ஆயிடுச்சா மா?"

"இன்னும் ஆவல. ஆவறதுக்கு முன்னாடி சொல்றேன். நான் டூட்டிக்கு வரும்போதும் அவரு வண்டி நிக்குது, டூட்டி முடிஞ்சி பஸ் ஏறும்போதும் அவரு வண்டிதான் நிக்குது. ஞாயித்துக்கெழம லோடு வந்தாலும் அவருதான். உங்ககிட்ட வேற ஆளே கெடையாதா?"

"ஆளு கெடைக்க மாட்டுது மா."

"காசு குடுக்க மனசு வர்ல, அத சொல்லுங்க. அன்னிக்கு டோக்கன் குடுக்கறேன், கைய நீட்டிக்கினே நின்னு தூங்கறாரு சார். வண்டி நம்பர் இன்னான்னு கேட்டா யோசிக்கறாரு. தெனம் வர்ற வண்டி."

இது எனக்குப் புதுச் செய்தி. நின்றுகொண்டே தூங்கியது எனக்குத் தெரியாது.

"அவரு எதுனா சொன்னாரா உங்ககிட்ட?" என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை.

"அவரு வாயத் தொறக்க மாட்டாரு. மரத்தாண்ட மத்த டிரைவருங்கதான் சொன்னாங்க, நீங்க எப்பேர்ப்பட்ட ஆளுன்னு." என்றார். "என் வூட்டுக்காரரும் கம்பெனி வேன் ஓட்டுனவருதான். ஷிப்டு மேல ஷிப்டா ஓட்டுனாரு. எங்களுக்காவத்தான் ஓட்டுனாரு, இல்லன்னு சொல்லல. இன்னிக்கு யூனிபாரம் போட்டுக்கினு நான் இங்க நிக்கறேன். அவரு வூட்ல என் பொண்ணு கையப் புடிச்சிக்கினு எழுந்து நடக்கறாரு. உங்க டிரைவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும் இல்ல?"

"இருக்கு மா. ரெண்டு பசங்க."

"பாத்தீங்களா. தெரிஞ்சிகினேதான் பண்றீங்க."

டேஷ்போர்டுக்குக் கீழே தூசியும் டீசல் வாடையுமாக இருந்தது. முதுகில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம அவருக்கு ஒரு நாளு லீவு குடுங்க சார். ஒரே நாளு."

"யோசிச்சு சொல்றேன் மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது பூந்தமல்லி மொதலாளியின் பேச்சு என்று உறைத்தது. அவராவது யோசித்துவிட்டுக் கொடுப்பார். எனக்கு நான் ஒரு நாள்கூடக் கொடுத்ததில்லை.

"யோசிக்கறதுக்கு இன்னா கீது? மனுசன்தான அவரு?"

"சரி மா. குடுத்துடறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

போனை வைத்துவிட்டு அவசரமாக மேலே ஏறி, பழையபடி ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டேன். கூண்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நடந்து வருகிற ஷூ சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார்.

"டிரைவரண்ணா, எழுந்திரு. உங்க ஓனர்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கெழம உனக்கு லீவு."

நான் விழித்தேன். நிஜமாகவே விழித்தேன்.

"தப்பா நெனைக்காத. கேக்காம இருந்தா எவனும் குடுக்க மாட்டான்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "நீங்கல்லாம் சொல்ற மாதிரி அவ்ளோ மோசமான ஆளு இல்ல. கேக்கறதுக்கு ஆளு இல்லாம இருந்துக்கிறாரு, அவ்ளோதான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயிலில் கண் எரிகிறது என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டேன். அவரும் போய்விட்டார். அவருக்கு உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை. இந்தப் பத்திரிகை அவர் கூண்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

கணேசனுக்குச் சொன்னது

சனிக்கிழமை வரை காத்திருந்தால் மனசு மாறிவிடும் என்று தெரியும். லோடு இறக்கிச் சாவி கைக்கு வந்ததும் கணேசனைக் கூப்பிட்டேன்.

"ரெண்டாவது ஷிப்டு வேணாம் தம்பி. இந்த ஞாயித்துக்கெழமயும் வண்டி வராது."

"என்னண்ணே, யோசிச்சுத்தான் சொல்லுதீகளா?"

"ஓட்டறதுக்கு ஆளு இல்ல."

"நீங்கதான் இருக்கீகள்ல."

"நான் ஓனரு தம்பி. டிரைவருக்கு லீவு குடுத்துட்டேன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைக் கவனித்து அவனும் நிறுத்திக்கொண்டான். சாயங்கால லோடு போனாலும் போய்விடும் என்று இன்னொரு முறை சொன்னான். அடுத்த மாதம் அது போகவும் போயிற்று.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் தேவகியிடம் நடந்ததைச் சொன்னேன். டேஷ்போர்டுக்குக் கீழே ஒளிந்துகொண்ட இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். நின்றுகொண்டே தூங்கிய இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. "அந்த அம்மா பேரு இன்னா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அந்தப் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

லீவு என்றால் தூக்கம் தானாக வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. விடிவதற்கு முன்பே வழக்கம்போல முழிப்பு வந்துவிட்டது. தேவகி பிள்ளைகளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்கினாள். மிக்ஸி போடவில்லை. தேங்காயைக்கூட வாசலுக்கு எடுத்துப்போய் உடைத்தாள். நான் பாயில் மல்லாந்து கிடந்தேன். இடது கால் தானாகக் கிளச்சை மிதித்துக்கொண்டிருந்தது.

பத்து மணி இருக்கும். போன் அடித்தது. அதை அவள் சமையல்கட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள்.

கணேசன் சத்தமாகப் பேசுகிறவன். அவன் சொன்னது எனக்கே கேட்டது. பெரிய டிரான்ஸ்போர்ட் வண்டி வரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமையும் லைன் ஓடுகிறதாம். ரெண்டே ட்ரிப், வாடகை ஒன்றரை மடங்கு. இதை மட்டும் அண்ணன் அடித்துக்கொடுத்துவிட்டால் சாயங்கால லோடை யாரும் தொட முடியாதபடி மேனேஜரிடம் தானே பேசுவதாகச் சொன்னான்.

நான் முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டேன். சட்டை எந்த ஆணியில் மாட்டியிருக்கிறது என்று கண் தேடியது.

அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் என்னென்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். டியூ தேதியும் அந்த வாரம்தான். வண்டிக்கு முன்பணம் கட்டியதில் பாதி அவள் சம்பளத்தில் கட்டிய சீட்டுப் பணம்.

"அண்ணி, லைன்ல இருக்கீகளா? அண்ணன்ட்ட குடுங்க."

"ஓனரு பேசறேன்" என்றாள் தேவகி. "டிரைவரு தூங்கறாரு. எழுப்ப மாட்டேன்."

போனை அணைத்துவிட்டாள்.

நான் சத்தம் போடாமல் மறுபடி படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் உள்ளே வந்து நின்றது தெரிந்தது. மூச்சை நிதானமாக இழுத்து விட்டேன். ரெண்டு ட்ரிப், ஒன்றரை மடங்கு, அதில் டீசல் போக எவ்வளவு என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் நெற்றியில் கையை வைத்தாள். கையில் வெங்காய வாசனை.

"கணக்கு போட்டுக்கினு இருக்காத. தூங்கு" என்றாள்.